சத்தத்துக்குச் சம்மதம் கேட்டவர்

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்றால் அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றும் தெரியாது. கேட்காமல் ஒன்றையும் எடுக்காத மனிதரின் பெயரைக் கேட்காமல் எடுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. செஞ்சியில் எங்கள் வீட்டு மாடி ரூமில் பதினோரு மாதம் குடியிருந்தார். நாற்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. நான் தம்பி என்பேன். அவர் அம்மா என்பார்.

வந்த அன்று சாமான்களை ஏற்றிவிட்டு நேராக என்னிடம்தான் வந்தார்.

"அம்மா, உங்க கேட்டு சத்தத்த நான் எடுத்துக்கட்டுமா?"

எங்கள் இரும்பு கேட் திறக்கும்போது ஈனுகிற ஆடு மாதிரி கத்தும். தூங்க முடியவில்லை என்று நாசூக்காகச் சொல்கிறார் என நினைத்துக்கொண்டு, "சரி தம்பி" என்று தலையை ஆட்டிவிட்டேன். மகன் வந்ததும் சொன்னேன். அவன் கையோடு பழைய இன்ஜின் ஆயிலைக் கொண்டுவந்து கீலில் ஊற்றினான். மறுநாள் காலையில் இவர் கையில் ஒரு சின்ன மிஷினோடு வந்து கேட்டைத் திறந்தார். மூடினார். திறந்தார். அது வாயே திறக்கவில்லை.

"போச்சேம்மா" என்றார், சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி. அப்புறம் மெதுவாக, "திரும்ப துரு ஏற எத்தினி மாசம் ஆகும்?" என்றார்.

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினேன். சிரிப்பு அடங்கப் பொழுதாகிவிட்டது.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருநாள் என் மருமகள்தான் கேட்டாள். எனக்கு அவ்வளவு வாய் கிடையாது.

"பீட் போடறேங்க" என்றார்.

"அப்டின்னா?"

"பாட்டுக்கு அடியில தாளம் ஓடுது இல்ல, அது. பாடறவங்க அது மேல ஏறிக்கினு பாடுவாங்க."

"மேளம் அடிப்பீங்களா?"

"மேளம்லாம் அடிக்கத் தெரியாது. கெடைக்கிற சத்தத்த எடுத்து அடுக்குவேன்."

அடுக்குவதற்கு ஒரு லேப்டாப்பும், சதுரம் சதுரமாக ரப்பர் பொத்தான் வைத்த பலகை ஒன்றும் இருந்தன. ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு சத்தத்தை வைத்திருப்பார். இதைத் தட்டினால் பஸ் கதவு, அதைத் தட்டினால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிறது. அந்தச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் யாரிடமாவது கேட்டிருப்பார்.

கடைத்தெருவில் பாத்திரக்கடைச் செட்டியாரிடம் போய், "உங்க ஷட்டர எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாராம்.

"எடுத்துனு போயிட்டா ராத்திரிக்குக் கடைய இன்னாத்தால மூடறது? உன்னை நிக்க வைக்கவா?" என்றாராம் செட்டியார். விஷயம் புரிந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டபிறகு, அவரே மூன்று தடவை இறக்கி ஏற்றிக் காட்டினாராம். நாலாவது தடவை, "இப்ப கொஞ்சம் கோவமா எறக்கறேன், பாரு" என்றாராம்.

கரும்பு ஜூஸ் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. மிஷின் சக்கரத்தில் கட்டியிருந்த மணிச் சத்தம் இவர் அனுமதி கேட்பதற்கு முன்பே பதிவாகிவிட்டதாம். அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டு, ஒரு ஜூஸ் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். கேட்ட எங்களுக்கே பாவமாக இருந்தது. "அவருக்குத் தெரியவா போவுது, வச்சிக்கறதுதானே?" என்றாள் மருமகள்.

"எனக்குத் தெரியுமே" என்றார்.

ராஜகிரிக் கோட்டைக்கு ஏறிப்போய், களஞ்சியத்துக்குள் நின்று கை தட்டி, அது சுற்றி வருகிற சத்தத்தை எடுத்து வந்தார். அங்கே யாரைக் கேட்டீர்கள் என்றதற்கு, "வாட்ச்மேன கேட்டேன். அவரு குரங்க கேக்கச் சொன்னாரு. அதுங்கல்லாம் பையப் புடுங்கினு போயிடுச்சுங்க. அப்ப சரின்னுதானே அர்த்தம்?" என்றார்.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பாக இருக்கமாட்டார். ஒன்றுமே வராத நாட்கள் உண்டு. மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். கொண்டுபோய் வைத்த சாப்பாட்டில் ஈ மொய்க்கும். "வரலம்மா" என்பார். என்ன வரவில்லை என்று நானும் கேட்கமாட்டேன். பிரசவ வலியைப் போய் யார் கேள்வி கேட்பார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ உட்கார்ந்து வேண்டுமென்றே மோசமாக ஒன்று போடுவார். கண்டதையும் போட்டுக் கொட்டுவார். எனக்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

"மொதல்ல கெட்டது ஒன்னு பண்ணிடணும்மா. அது உள்ள இருக்கற வரைக்கும் நல்லது வராது."

அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கீழே ஊற்றுவது மாதிரி என்று நான் எனக்குள் நினைத்துக்கொண்டேன். அந்தக் கெட்டதைக் கொட்டித் தீர்த்தபிறகு, ஊறவைத்த துணியை எல்லாம் எடுத்துத் துவைப்பார். கை துவைக்கும், காது மட்டும் வேறெங்கோ இருக்கும். கொடி நிறைய ஒரே நாளில் துணி தொங்கினால் மாடியில் நல்லதாக ஒன்று பிறக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். பிறந்தபிறகும் விடமாட்டார். ஐந்து சத்தம் வைத்தால் மூன்றை எடுத்துவிடுவார். "எடுத்தாத்தான் மீதி இருக்கறது மூச்சு வுடும்" என்பார்.

இனிமேல் எழுதப்போவதில் நானும் வருகிறேன்.

எனக்கு அப்போது ஒரு திருட்டு வேலை இருந்தது. விதை மல்லாட்டை உடைப்பது. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மிஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், விதைக்கு ஆகாது. தோல் கீறாமல் கையால்தான் உடைக்கவேண்டும். எட்டு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த வேலை அதுதான். அதில்தான் மகனைப் படிக்கவைத்தேன். அவன் தனியார் பஸ்ஸில் டிரைவர் ஆகி, இருந்த குடிசையை இடித்து இந்த வீட்டைக் கட்டி, மாடியும் போட்டபிறகு ஒருநாள் சொன்னான்: "யம்மா, இனிமே நீ கூலிக்கு ஒத்த மல்லாட்டை ஒடைக்கக் கூடாது. பாக்கறவன் உன்னியா பேசுவான்? என்னத்தான் காறித் துப்புவான்."

சரி என்றேன். ஆனால் சும்மா உட்கார்ந்தால் என் கை யாருடைய கையோ மாதிரி மடியில் கிடந்தது. தொண்டூர் விவசாயி ஒருவருக்கு விதை வேண்டும் என்றதும் ஒப்புக்கொண்டுவிட்டேன். மகன் விடிவதற்குள் வண்டி எடுக்கப் போய்விடுவான், வீடு திரும்ப இருட்டிவிடும். மருமகள் கிச்சனில் இருக்கும்போது, கொல்லைச் சுவர் ஓரம் உட்கார்ந்து உடைப்பேன். மூட்டை மாடிப்படிக்கு அடியில், பழைய சைக்கிளுக்குப் பின்னால் இருந்தது.

காயைத் தரையில் இரண்டு தட்டு, பருப்பு முறத்தில், ஓடு ஒரு பக்கம். என் வலது கட்டைவிரல் மடங்காது. கதிர் அடிக்கிற மிஷினில் ஒருதரம் மாட்டிக்கொண்டது. ஏழெட்டுக் காய்க்கு ஒருதரம் அது மரத்துப்போகும். கையை உதறிவிட்டு மறுபடி தட்டுவேன்.

ஒருநாள் நிமிர்ந்தால் படியின் பாதியில் அவர் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஒன்னு கேக்கட்டுமா? வாணாம்னா வாணாம்னு சொல்லிடுங்க."

முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். மூன்று நாள் கொல்லைப் பக்கமே வரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததால்தான் நாலாம் நாள் எனக்கே வாய் வந்தது.

"எடுத்துக்கோங்க தம்பி. ஆனா என் பையனுக்குத் தெரியக்கூடாது."

"சரிம்மா."

"மருமகளுக்கும்."

"யாருக்கும் சொல்லமாட்டேம்மா."

மைக் ஒன்றைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். காற்றுச் சத்தம் விழாமல் இருக்க அதற்கு மயிர்க் குல்லா போட்டிருக்கும். பார்க்க அணில் மாதிரியே இருக்கும். முறத்தில் விழுகிற சத்தம், எவர்சில்வர் தட்டில் விழுகிற சத்தம், காய் ஈரமாக இருந்தால் ஒன்று, காய்ந்தால் ஒன்று என்று பத்து நாள் எடுத்தார். தட்டு வேண்டாம், முறம்தான் என்று கடைசியில் திரும்பி வந்தார்.

ஒரு மத்தியானம், மருமகள் கடைக்குப் போயிருந்தபோது, மேலே வந்து கேட்கிறீர்களா என்றார். போனேன். கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவைத்து, என் காதில் மாட்டிவிட்டு, அவர் வெளியே வெயிலில் போய் நின்றுகொண்டார்.

என் கை எனக்குக் கேட்டது. ஒரு கை இல்லை, பத்துக் கை. களத்துக்கு வரிசையாகப் போகிற பொம்பளைகளின் நடை மாதிரி இருந்தது. நடுநடுவே யாரோ ஒருத்தி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேர்ந்துகொண்டாள்.

"நடுவுல நிக்குதே, அது என் வெரலு" என்றேன். "தப்பாயிடுச்சா?"

"மொதல்ல அத வெட்டிட்டு ஒழுங்கா போட்டுப் பாத்தேம்மா. போலீஸ் பரேடு மாதிரி ஆயிடுச்சு. அந்த நிறுத்தம் இருந்தாத்தான் இது மனுஷங்க நடக்கறது."

மடங்காத விரலை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் போட்டதெல்லாம் அதுவரை வேறு யார் யார் பெயரிலோதான் வந்ததாம். இது மட்டும் அவர் பெயரிலேயே வரப்போகிறதாம். திங்கட்கிழமைக்குள் மெட்ராசுக்கு அனுப்பவேண்டும் என்றார். "உங்க பேரையும் போடட்டுமாம்மா?" என்றார். நான் பதறிவிட்டேன். "சரி, 'மல்லாட்டை உடைத்தவர், ஓர் அம்மா' அப்டின்னு மட்டும்?" என்றார். இரண்டு நாள் யோசித்துச் சரி என்றேன்.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை. கடைசியாக இன்னும் கொஞ்சம் எடுக்கவேண்டும் என்று மைக்கை வைத்துவிட்டு அவர் டீக்கடைக்குப் போயிருந்தார். நான் தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் மகன் குரல் கேட்டது. பஸ் பிரேக்டவுனாம், பாதியில் வந்துவிட்டான். முறத்தை மூட்டையில் கவிழ்த்தேன். மூட்டையைப் படிக்கு அடியில் தள்ளினேன். மைக் மிச்சம். கொல்லைச் சுவர்மேல், முருங்கைக் கிளை மறைக்கிற இடத்தில், எட்டி வைத்தேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பின்வீட்டுக்காரியின் கூரை இல்லாத பாத்ரூம். அது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாகத் தெரியும். அந்த நேரத்தில் என் மகன் கண்ணுக்குப் படக்கூடாது என்பது ஒன்றுதான் தெரிந்தது. மகன் அன்று முழுக்கக் கொல்லையிலேயே எதையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரியும் அங்கேயே கட்டில் போட்டுப் படுத்துவிட்டான். எடுக்க முடியவில்லை. மைக்கைக் காணோமே என்று தம்பி படியில் நின்று கண்ணால் கேட்டார். அப்புறம் என்று கையைக் காட்டினேன்.

ஞாயிறு காலையில் பின்வீட்டுக்காரி கூச்சல் போட்டாள்.

"ஐயய்யோ, இங்க வாங்கடி! அணிலுன்னு தண்ணி ஊத்தறேன், அசைய மாட்டேங்குது! அடியில லைட்டு எரியுதுடி!"

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். யாரோ எட்டிப் பார்த்து, "அணிலு இல்ல, மைக்கு. மேல் ரூம்காரனுது" என்றார்கள். சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் தெருவே நின்றது.

என் மகன் அவர் சட்டையைப் பிடித்தான். "எவன கேட்டு இத அங்க வச்ச?"

அவர் சுவரைப் பார்த்தார். நான் உட்காருகிற இடத்தைப் பார்த்தார். அங்கே இரண்டு மல்லாட்டை ஓடு கிடந்தது. அவருக்குப் புரிந்தது எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னுதுதான்" என்றார்.

"உன்னுதுன்னு தெரியுது. யார கேட்டு வச்ச? பெரிய இவனாட்டம் தெரு முழுக்கக் கேட்டுக்கினு திரிவியே, இதுக்கு யார கேட்ட? சொல்லு!"

அவர் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் நிலைப்படியில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் என்று ஒரு வார்த்தை. சொன்னால் மூட்டை வெளியே வரும். மாடி ரூமுக்குப் போனது வெளியே வரும். அவ்வளவுதான். அவ்வளவு சின்னதுக்குத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். போட்டுக் காட்டு என்றார்கள். வாசற்படியில் வைத்துப் போட்டார். என் கை சத்தம் தெருவில் கேட்டது.

"இன்னாடா இது, டக்கு டக்குனு?" என்றான் என் மகன். அந்தச் சத்தத்தில்தான் அவன் கைக்குழந்தையாகத் தூங்கியிருக்கிறான். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"இது சும்மா மேல வச்சிருக்கறது. உள்ள எத மறைச்சிருக்கானோ. எல்லாத்தையும் அழிக்கச் சொல்லு" என்றது கூட்டம். ஒவ்வொன்றாக அழித்தார். செட்டியார் ஷட்டர், களஞ்சியத்துக் கைத்தட்டல், என்னுடையது. கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவன் பக்கத்தில் நின்று, எங்கும் மீதி வைக்காமல் பார்த்துக்கொண்டான்.

மத்தியான பஸ்ஸுக்குப் போனார். கேட்டருகே நின்று, வீட்டைப் பார்த்துப் பொதுவாக, "வரேம்மா" என்றார். கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

மூன்று வருஷம் ஆகிறது. மூட்டையை அந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெருவில் அவர் பேச்சு மட்டும் நிற்கவில்லை. முதலில் மைக்காக இருந்தது, அப்புறம் செல்போன் ஆனது. போன மாதம் திண்டிவனத்திலிருந்து ஒரு பேங்க்காரர் மாடி ரூம் கேட்டு வந்தார். கேட்டருகே நின்று மகன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தனி ஆளுக்குக் குடுக்கறதில்ல சார். முன்ன ஒருத்தன் இருந்தான். பொம்பளைங்க குளிக்கற எடத்துல கேமரா வச்சிட்டான்."

கேமரா. கிச்சனுக்குப் போய் மருமகளிடம், "ஏம்மா, அது கேமரா இல்ல. அத அங்க வச்சதும் அவரு இல்ல" என்றேன்.

அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும் அத்தை. இந்த ஜன்னல்லருந்து பாத்துனுதான் இருந்தேன், நீங்க எட்டி வச்சத."

"மூட்டை?"

"தெனம் பெருக்கறவ நான். படிக்கு அடியில இருக்கறது தெரியாதா?"

"அப்ப ஏன்மா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்களே சொல்லல. நான் எப்படி அத்தை உங்கள மாட்டிவிடறது?"

அன்றைக்கு அந்த வாசலில் உண்மை தெரிந்த பொம்பளைகள் இரண்டு பேர் நின்றிருந்தோம். இது எனக்கு மூன்று வருஷமாகத் தெரியாது.

வெளியே போனேன். அந்நிய ஆம்பளை முன்னால் நான் பேசி யாரும் பார்த்ததில்லை.

"கேமரா இல்லைங்க. மைக்கு. அத அங்க வச்சது நான்" என்றேன்.

"யம்மா, உள்ள போ" என்றான் மகன்.

"மல்லாட்டை ஒடைச்சேன். அந்தச் சத்தத்த எடுக்க வச்சிருந்தாரு. என்னைக் கேட்டுட்டுத்தான் வச்சாரு. நீ வந்துட்டியேன்னு நான்தான் தூக்கிச் செவுத்து மேல வச்சேன்."

பேங்க்காரர் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். மகன் சாயங்காலம் வரைக்கும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏம்மா அவன் உன் பேர சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கினேன். சரின்னாரு."

"நான் அவர அடிச்சனேம்மா."

அடித்தான். கன்னத்தில் இரண்டு அடி. மேலே எழுதும்போது, சட்டையைப் பிடித்தான் என்பதோடு நிறுத்திவிட்டேன். மகனுக்காக மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் மறைத்தேன். மகனுக்காக இல்லை. முதல் அடி விழுந்ததும் கண்ணாடி தெறித்தது. அவர் குனிந்து தேடி எடுத்து, முந்நூறு கண் பார்க்க, துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபிறகுதான் இரண்டாவது அடி விழுந்தது. நடுவில் நான் வாயைத் திறக்க அவ்வளவு நேரம் இருந்தது.